ஒன்பது நிமிடமும் ஒரு வாக்கியமும்

அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்கள் பதினோரு பேர். நர்சுகள் நான்கு பேர், அதில் சுகந்தி ஒருத்தி. இன்ஜினியரிங் முடித்த பையன்கள் ஐந்து பேர், அதில் ரிஸ்வான் ஒருவன். ஏதோ கல்லூரியில் வேதியியல் நடத்தும் அம்மா ஒருவர். கடைசி பெஞ்சில் நான். எவாஞ்சலின் மேடத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் மேடம் கணக்கில் வரமாட்டார், அவர் சொல்லிக்கொடுக்க வந்தவர். மின்விசிறி மூன்று, ஓடியது இரண்டு.

எதற்கு இந்தக் கணக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து என் மடியில் இருக்கும் டப்பாவை நான்கு தடவை பார்த்துவிட்டீர்கள், வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்த ரகம்தான். கேட்கமாட்டேன், சொல்லவும் மாட்டேன். இன்றைக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. யுனிவர்சிட்டி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் இருப்பது பிஸ்கட் இல்லை. ஜெர்மன். மடியில் ஒன்று, காலடியில் இரண்டு, ஆக மூன்று டப்பா.

என் பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்திரண்டு. படிப்பு பத்தாவது. பம்ப் கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, பேரிங்கு, வாஷர், எது வந்தாலும் எது போனாலும் என் கை வழியாகத்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை வைத்திருப்போம், பின் கார்டு என்று பெயர். வரவு எத்தனை, கொடுத்தது எத்தனை, மீதி எத்தனை. யாருக்கு என்ன வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும், அது இண்டென்ட். சீட்டு இல்லாமல் முதலாளியின் மகன் வந்து கேட்டான் ஒரு தடவை. வாஷர்கூடக் கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஆடிட் நடந்தது முப்பத்திரண்டு தடவை. ஒரு நட்டு குறைந்ததில்லை, ஒரு நட்டு கூடினதுமில்லை.

அப்படிப்பட்டவனை ஒரு பரீட்சையில் பேசத் தெரியாதவன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் எதற்காக ஜெர்மன் படிக்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் என் வீட்டுக்காரி மாதிரித்தான் தோன்றும்.

எனக்கு ஒரே மகள், பூங்கோதை. வேலைக்குப் போன ஊரில் ஜெர்மன்காரப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. பெயர் யோனாஸ். நல்ல பையன், குறை சொல்வதற்கில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தின தை மாதம் இங்கே கோயம்புத்தூரில்தான் கல்யாணம். பையனின் அப்பா ஹெல்முட் வந்திருந்தார். வயது அறுபத்தாறு. மனைவி இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. தனியாகத்தான் வந்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் சம்பந்தி, ஒன்றில் நான். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அவர் பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, தொட்டியைப் பார்த்துப் பேசினார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு பத்தொன்பதுக்கு முடித்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அந்த நேரம் பூங்கோதை பணியாரத் தட்டோடு மேலே வந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து இன்னும் என்னவோ சொன்னார். நான் கேட்டேன், "என்னம்மா சொல்றாரு?"

"சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாருப்பா."

ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறார். வந்து சேர்ந்தது ஒரு வாக்கியம். கணக்கு இடிக்கிறதா இல்லையா, சொல்லுங்கள். ஒன்பது நிமிடத்துக்குப் பணியாரத்தை யாராவது புகழ்வார்களா? புகழ்கிறவர் கண்ணாடியைத் துடைப்பாரா? நடுவில் எங்கேயோ சரக்கு குறைந்திருக்கிறது. குறைத்தது என் மகள். ஏன் குறைத்தாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சீர்வரிசையில் குறையா? அவளிடம் மூன்று தடவை கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதாம்ப்பா" என்று மூன்று தடவையும் ஒரே பதில். நான் நம்பவில்லை.

அந்த வருடமே ரிட்டயர் ஆனேன். ஜூலையில் பேப்பரில் விளம்பரம் வந்தது. யுனிவர்சிட்டியில் சனி, ஞாயிறு ஜெர்மன் வகுப்பு, பத்தாவது படித்திருந்தால் போதும். போய்ச் சேர்ந்துவிட்டேன். வீட்டில் மரகதம், என் மனைவி, சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கேட்டீங்களா இந்தக் கதைய? முப்பத்தஞ்சு வருசமா எங்கிட்ட தமிழ்ல பேசாத மனுசன், ஜெர்மன்ல யாருகிட்டப் பேசப் போறாராமா?"

பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. சம்பந்தி மறுபடி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அன்றைக்கு ஒன்பது நிமிடம் என்ன சொன்னீர்கள்? அவ்வளவுதான் என் தேவை.

முதல் நிலையில் நாங்கள் முப்பத்து நான்கு பேர். அதில் நான் முதலாவது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. என்ன வித்தை என்றால் ஸ்டோர் வித்தைதான். ஒரு வார்த்தை வந்தால் அதற்கு ஓர் அட்டை. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, ரெண்டும் இல்லாததற்குப் பச்சை. அந்த ஊரில் மேசை நாற்காலிக்கும் பால் உண்டு, தெரியுமா? அட்டையின் பின்பக்கம் வரவுத் தேதி. இந்த மூன்று டப்பா நிறைய அந்த அட்டைகள்தான். முதல் நிலை நல்ல நிலை. கேள்வி கேட்பார்கள், கோடிட்ட இடம் இருக்கும், சரக்கு இருந்தால் எடுத்து வைக்க வேண்டியதுதான். சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

இரண்டாவது நிலை வந்தது பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது வினை. ஆரம்பப் படிப்பு முடிந்தது, மேல்படிப்பு இன்னும் வரவில்லை, நடுவில் ஒரு படி. முப்பத்து நான்கில் அந்தப் படியில் ஏறியவர்கள் பதினொன்று. முதல் நாள் மேடம் சொன்னார்: "இனிமே தப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க. பேசுங்க. உங்க கருத்தைச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடம் முழுக்கத் தப்பு, தப்பு என்று சிவப்பு மையால் சுழித்தவர் இவர்தான். இப்போது தப்பைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறார். அதுவும் கருத்து! பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்கலாமா, உங்கள் கருத்து என்ன? நகரத்தில் வாழ்வது நல்லதா, கிராமத்தில் வாழ்வது நல்லதா, உங்கள் கருத்து என்ன? முப்பத்திரண்டு வருடம் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. இருக்கா, இல்லையா என்றுதான் கேட்பார்கள். இருந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். கருத்து எந்த அலமாரியில் இருக்கும்?

அப்புறம் சொன்னார்: "ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்துக்குங்க. எதிரெதிரே உக்காந்து பேசணும். பரீட்சையும் இப்படித்தான், ஜோடியாத்தான்."

பதினொன்றை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஐந்து ஜோடி, மீதி ஒன்று. அந்த ஒன்று யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலிகளை இழுக்கிற சத்தம் எல்லாம் அடங்கின பிறகு நான் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்து எதிரில் உட்கார்ந்து, "நாம பேசலாமா சார்?" என்றார். ஐந்து வாரம் அப்படிப் போனது. அவர் கேட்பார். நான் மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டுவேன். அந்தப் பாஷையில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் சில சமயம், அதுவரைக்கும் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கட்டி முடித்து, ஒவ்வொரு திருகும் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, வாயைத் திறக்கும்போது மணி அடித்துவிடும்.

ஆறாவது வாரம் ஒரு பையன் நின்றுவிட்டான். வேலை கிடைத்ததாம். பத்துப் பேர், ஐந்து ஜோடி, மீதி இல்லை. எனக்குச் சந்தோஷம். நின்ற பையனின் ஜோடி சுகந்தி. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தாள். ரிஸ்வான் அங்கிருந்தே கத்தினான்: "அக்கா, ஸ்டோரை உங்களுக்கு ஒதுக்கிட்டாங்க! இண்டென்ட் எழுதிட்டீங்களா?"

நான் ஸ்டோர் கீப்பர் என்பதை ஒரு தடவை டீக்கடையில் அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

சுகந்தி தாராபுரத்துப் பெண். வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வருவாள், கண் சிவந்திருக்கும். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தயார், இந்தச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அவள் பேசுவாள் பாருங்கள். அடேயப்பா! நிறுத்தமே இல்லை. ஆணைப் பெண் என்பாள், பெண்ணை ரெண்டும் இல்லை என்பாள், நேற்று நடந்ததை நாளைக்குக் கொண்டுபோவாள், வார்த்தை கிடைக்காவிட்டால் கையால் காட்டுவாள், கையும் போதாவிட்டால் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள்.

நான் என்ன செய்தேன்? உதவி செய்தேன். அவள் பேசும்போது நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவேன். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது, சரக்கு இறக்கும்போது எண்ணுவது போல. வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய் நம்பர் போட்டு எழுதி, மறு வாரம் கொண்டுவந்து கையில் கொடுப்பேன். முதல் வாரம் இருபத்தாறு தப்பு. இரண்டாவது வாரம் முப்பத்தொன்று. மூன்றாவது வாரம் இருபத்தெட்டு. என் மகளுக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

நான்காவது வாரம் அந்தத் தாளை அவள் வாங்கவில்லை.

"ஏனுங்கய்யா, இதுல நீங்க பேசுனது எத்தனை?"

"நான் பேசலையே."

"அப்ப உங்க தப்பு எத்தனைங்?"

"ஒண்ணுமில்லை."

அவள் தாளை என் பக்கமே தள்ளிவைத்தாள். "ஐயா, வார்டுல கத்துற பேஷண்ட்டப் பாத்து நாங்க பயப்பட மாட்டோம். அவன் பொழைச்சுக்குவான். சத்தமே இல்லாமப் படுத்திருப்பான் பாருங்க ஒருத்தன், அவன் கட்டிலுக்குத்தான் நாங்க ஓடி ஓடிப் போவோம்."

இதில் எனக்கு என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. மறு வாரம் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள். கம்பெனி இண்டென்ட் மாதிரியே கோடு போட்டு, 'பொருள்: வாக்கியம். எண்ணிக்கை: ஒன்று. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, என் டப்பாவைத் திறந்து உள்ளே போட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. தப்பான சரக்கைக் கேட்டு இண்டென்ட் எழுதுகிற பழக்கம் எங்கேயும் கிடையாது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சீட்டைக் கிழிக்கவும் இல்லை. சீட்டு சீட்டுதான்.

டிசம்பரில் பரீட்சை. படித்துப் புரிந்துகொள்வதில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. எழுதுவதில் இருபத்து மூன்று. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் இருபத்து நான்கு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மிச்சம் இருந்தது பேச்சு. இருபத்தைந்துக்குப் பதினைந்து எடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து பரீட்சை எடுக்க ஓர் அம்மா வந்திருந்தார். எங்களுக்குக் கிடைத்த சீட்டு இது: உங்கள் நண்பர் ஊரை விட்டுப் போகிறார், இரண்டு பேரும் சேர்ந்து வழியனுப்பு விழாவுக்குத் திட்டம் போடுங்கள். சுகந்தி ஆரம்பித்துவிட்டாள். எங்கே வைக்கலாம், எத்தனை பேரைக் கூப்பிடலாம். என்னைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். நான் கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியம், பதினான்கு வார்த்தை. பதினோராவது வார்த்தைக்கு வந்தபோது அவள் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள். சரி என்று சாப்பாட்டுக்கு ஒன்று கட்டினேன். அவள் பரிசுக்குப் போய்விட்டாள். மூன்று தடவை என்னைக் கேட்டாள். மேசைக்கு அடியில் அவள் கால் என் செருப்பை ஒரு தட்டுத் தட்டியது.

இதற்கு நடுவில் கேக், கேக் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேக் அங்கே ஆண். அவள் பெண் என்கிறாள். ஒரு தடவை பொறுத்தேன். இரண்டு, மூன்று. நான்காவது தடவை என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன். நான்கே வார்த்தை. அது தப்பு, இதுதான் சரி என்று.

சுத்தமான ஜெர்மன். ஒரு பிசிறு இல்லை.

பரீட்சை எடுத்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டு, "நன்றி" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு மேலே பேசினாள். மொத்தம் பதினேழு தப்பு. நோட்டு கையில் இல்லை, விரலால் எண்ணினேன்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "என்னங்கய்யா, இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களே."

"காட்டிக் குடுக்கலம்மா. திருத்தினேன்."

"வகுப்புல திருத்துங்க, டீக்கடையில திருத்துங்க. அங்க போயி, அந்தம்மா முன்னாடி... பேசுங்கன்னா பேச மாட்டீங்க, எம்பட தப்பைச் சொல்றதுன்னா மட்டும் வாய் வருது." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ரிஸ்வான் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன சார், ஸ்டோர்ல சரக்கு ஃபுல்லு, ஷட்டர்தான் தூக்க மாட்டேங்குதா?"

முடிவு வந்தது. அவளுக்குப் பதினெட்டு. எனக்குப் பதினொன்று. பதினேழு தப்புச் செய்தவள் பாஸ். ஒரு தப்பும் செய்யாதவன் ஃபெயில். இது எந்த ஊர் நியாயம்? மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மாதிரி. "சார், மூடியிருக்கிற கடையில எடை சரியா இருக்கான்னு யாரும் பாக்க முடியாதுங்களே" என்றார். கடையும் ஸ்டோரும் ஒன்றா? கடை விற்பதற்கு. ஸ்டோர் காப்பதற்கு. இது படித்தவர்களுக்குப் புரிவதில்லை.

அன்றைக்கு ராத்திரியே பூங்கோதைக்குப் போன் போட்டுச் சொன்னேன், "நான் ஜெர்மன் படிக்கிறது உம்பட மாமனாருக்குத் தெரிய வேண்டாம். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லாத." பாஸ் ஆன பிறகு சொல்லலாம் என்று அதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். ஃபெயில் ஆன பிறகு என்னத்தைச் சொல்ல? அவள் சரி என்றாள்.

ஜனவரியில் மூன்று பேரும் வந்தார்கள். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. நான் தயாராக இருந்தேன். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கட்டியிருந்தேன்: இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நீங்கள் என்னிடம் சொன்னதைத் தயவுசெய்து மறுபடி சொல்ல முடியுமா? மேடத்திடம் காட்டி வாங்கிவிட்டேன், ஒரு தப்பு இல்லை என்று. பரீட்சையில் விட்டதை வீட்டில் பிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

இரண்டாம் நாள் காலை. அதே மாடி, அதே தொட்டி, நாற்காலி மட்டும் புதிது. ஆறு மணி நாற்பத்தைந்து. மரகதம் காப்பி கொடுத்துவிட்டுக் கீழே போனாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் முந்திக்கொண்டார்.

எல்லாம் புரிந்தது. இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு என்று சொன்னேன் அல்லவா? தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். யோனாசுக்கு மேலே அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். அப்பாவோடு சண்டை, ஆறு வருடம் பேச்சில்லை. அவர் மனைவி, அந்த அம்மா, ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, பெரியவனைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறது. இவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றிருக்கிறார். நம்பரைப் போடவில்லை. உள்ளே வந்து, எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். மூன்று தடவை. அந்த அம்மா இரண்டு நாள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தது. அடக்கத்துக்கு வந்த மகன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லாம் திடீரென்று நடந்துவிட்டது என்றாராம். யோனாசுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அப்புறம் சொன்னார்: "உங்கிட்ட மட்டும்தான் இதைச் சொல்ல முடியுது. உனக்குப் புரியாது. புரிஞ்சவங்க ஏதாவது சொல்லிடுவாங்க. போன தடவையும் சொன்னேன், நீ மூணு தடவை தலையாட்டினே. ரெண்டு வருசம் நான் அதை வச்சுத்தான் ஓட்டினேன்."

ஏழு மணி ஆகிவிட்டது. பதினைந்து நிமிடம்.

எங்கள் புத்தகத்தில் ஏழாவது பாடம், துயரப்படுகிறவருக்கு ஆறுதல் சொல்வது எப்படி. இருபத்திரண்டு வாக்கியம். இருபத்திரண்டும் எனக்கு மனப்பாடம், முன்னாலிருந்தும் சொல்வேன், பின்னாலிருந்தும் சொல்வேன். என் கேள்வியும் வாயில்தான் இருந்தது, பன்னிரண்டு நாள் துடைத்துத் துடைத்து வைத்த கேள்வி. ஒன்றும் வெளியே வரவில்லை. வரவில்லையா, நான் விடவில்லையா? அதைத்தான் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அவருக்காக வாயை மூடினேன் என்று எழுதலாம். எப்போதும்போல மூடினேன் என்றும் எழுதலாம். எந்த அட்டையில் எழுதுவது?

தலையாட்டினேன். மூன்று தடவை. அதில் மட்டும் குறை வைக்கவில்லை. அவர் என் முழங்காலில் கை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்த நேரம் பூங்கோதை படியேறி வந்தாள். மாமனார் அவளைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, காப்பி டம்ளரைத் தூக்கிக் காட்டி ஒரு வாக்கியம் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் அவள் இப்படித்தான் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு வந்தாள். அவள் காதில் விழுந்தது ஒரு வாக்கியம், அதை அவள் அப்படியே என்னிடம் சேர்த்திருக்கிறாள். ஒரு நட்டு குறையவில்லை. இரண்டு வருடம் என் மகளைத் திருடி மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் இறங்கிப் போனதும் அவள் கண்ணைச் சிமிட்டினாள். "என்னங்கப்பா, இப்ப உங்களுக்குத்தான் எல்லாம் புரியுமே. ரொம்ப நேரமா பேச்சுச் சத்தம் கேட்டுதே, மாமா என்ன சொன்னாரு?"

"காப்பி நல்லாருக்குதாமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். "இதுக்குத்தான் ஒண்ணரை வருசம் படிச்சீங்களாக்கும்? நான்தான் அன்னைக்கே ஓசியில சொன்னேனே, நீங்கதான் நம்பல."

நானும் சிரித்தேன். நான் சிரித்தால் பல் தெரியாது, அதனால் அவள் கவனித்தாளோ இல்லையோ.

இதை மரகதத்திடம் சொல்லவில்லை. மேடத்திடம் சொல்லவில்லை. சுகந்தி போன மாதம் விமானம் ஏறினாள். கிளம்புவதற்கு முன் போன் செய்து, "ஐயா, எம்பட இண்டென்ட் இன்னும் நிலுவையில கெடக்குதுங், மறந்துடாதீங்க" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஏறின உடனே நடத்துனர் எங்கே போகணும் என்று கேட்டார். நீங்கள் இந்தியில் ஏதோ சொன்னீர்கள். அவர் மறுபடி கேட்டார். நீங்கள் போனில் ஊர்ப் பெயரைத் திறந்து காட்டினீர்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது உங்களுக்கு. இவ்வளவு நேரத்தில் நீங்கள் பத்தொன்பது தடவை தலையாட்டினீர்கள். நான் சம்பந்திக்கு ஆட்டியது மூன்றுதான். நீங்கள் தாராளமான மனுசர், தம்பி.

என் நிறுத்தம் வந்துவிட்டது. இன்றைக்குப் பத்து மணிக்குப் பேச்சுப் பரீட்சை, மறுதடவை. எழுதுகிறவர்கள் ஐந்து பேர் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். இரண்டிரண்டாகப் பிரிப்பார்கள். டப்பாவை உள்ளே விடமாட்டார்கள், தெரியும். அதற்காகச் சரக்கை வீட்டில் விட்டுவிட்டு வர முடியுமா? காலை ஐந்து மணிக்கு எழுந்து எண்ணி முடித்துத்தான் கிளம்பினேன். வணக்கம், நன்றி எல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து வாசித்ததும் சேர்க்கவில்லை. வரவு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வார்த்தை. வகுப்பில் கொடுத்தது பதினொன்று. பரீட்சையில் கொடுத்தது நான்கு. சம்பந்திக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. இண்டென்ட் ஒன்று நிலுவை.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், கீழே இருக்கும் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மீதி இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து.